கடைசல்

கோயம்புத்தூரில் யாரிடமாவது ‘கடைசல்’ என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். பெண்கள் பெரும்பாலும் கீரைக் கடைசல், பச்சைப்பயறு கடைசல், கத்தரிக்காய்க் கடைசல் என்று ஆரம்பிப்பார்கள். கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ பட்டறை வாசலில் நிற்கும் ஆணிடம் கேட்டால், “எந்தக் கடைசலுங்க, இரும்பா மரமா?” என்று திருப்பிக் கேட்பார். அவருக்குக் கடைசல் என்பது லேத்தில் செய்கிற வேலை. தொழிற்பயிற்சி நிலையங்களின் பிரிவுப் பட்டியலிலும் டர்னருக்குக் ‘கடைசலர்’ என்றுதான் போடுகிறார்கள்.

சமையலறைக்கும் பட்டறைக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? வேலையும் ஒன்றாக இருந்ததால்தான் என்று நினைக்கிறேன். அன்னூர்ப் பக்கத்தில் என் அம்மாயி விடிகாலையில் மோர் கடைவதைப் பார்த்திருக்கிறேன். மத்தின் தண்டில் கடைகயிற்றைச் சுற்றி, இரண்டு முனைகளையும் இரு கைகளில் பிடித்து மாற்றி மாற்றி இழுப்பார். மத்து ஒரு தடவை இந்தப் பக்கம் சுழலும், அடுத்த தடவை அந்தப் பக்கம். மின்சாரம் வருவதற்கு முன்பு மரம் கடைந்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே கட்டையைப் பிடித்து நிறுத்தி, அதன்மேல் கயிற்றைச் சுற்றி, ஒருவர் மாற்றி மாற்றி இழுக்க, இன்னொருவர் உளியை வைத்துச் செதுக்குவார். கட்டை முன்னோக்கிச் சுழலும்போது மட்டும் உளி வெட்டும். பின்னோக்கிச் சுழலும்போது உளியை விலக்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தாளம் கைக்குப் பிடிபடுவதுதான் பாதித் தொழில். அம்மாயியின் கைக்கு அது பிடிபட்டிருந்தது. அவரை யாரும் கடைசலர் என்று சொல்லவில்லை.

மத்தும் கடைசல் பொருள்தான். பூரிக்கட்டை, தொட்டில் கம்பு, நடைவண்டிச் சக்கரம், கட்டில் கால், தக்களி, பழைய பஞ்சாலைகளில் நூல் சுற்றிய மரப் பாபின் எல்லாம் அப்படியே. ஒரு கொங்குப் பெண்ணின் கை நாள் முழுக்கக் கடைந்த மரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆனால் மரத்தைக் கடைகிற உளியை அந்தக் கை பிடித்ததில்லை.

ஹன்னா அரெண்ட் 1958-இல் வெளியான தன் நூலில் உழைப்பையும் ஆக்கத்தையும் பிரித்துக் காட்டினார். உழைப்பு உயிர் தரித்திருப்பதற்கானது. சமைத்தது தீர்ந்துவிடும், துவைத்தது அழுக்காகிவிடும், மறுநாள் மறுபடி தொடங்க வேண்டும். ஆக்கம் ஒரு பொருளை உலகில் விட்டுச்செல்கிறது. மேசையோ கிண்ணமோ, செய்தவர் போன பிறகும் இருக்கும். இந்தப் பிரிவினையைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, ‘கடைசல்’ என்ற ஒரு சொல்லை எடுத்து நடுவில் பிளந்து வைத்தது போல இருக்கிறதே என்பதுதான். கீரைக் கடைசல் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். கடைந்த மத்து நாற்பது வருடம் இருக்கும். முதலாவதைச் செய்தவளுக்குப் பெயரில்லை. இரண்டாவதைச் செய்தவருக்குத் தொழிற்பெயர் இருக்கிறது.

அரெண்டை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரே அளவு புஷ்ஷைக் காலையிலிருந்து இரவு வரை கடைந்து தள்ளும் பட்டறைத் தொழிலாளிக்கு அது ஆக்கமா உழைப்பா? பொருள் நிலைத்திருப்பதால் மட்டும் செய்தவர் நிமிர்ந்துவிடுவதில்லை. இருந்தாலும் ஒரு விஷயத்தில் அவர் சொன்னது எனக்கு உதவுகிறது: தான் செய்தது மறுநாள் காலையிலும் அங்கேயே இருப்பதைப் பார்க்கிற அனுபவம் நம்மில் பலருக்குக் கிடைப்பதேயில்லை.

கோவையின் பெருமை இயந்திரங்கள். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் இது. 1955-இல் பி. சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கினார். பிற்காலத்தில் கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆட்டுக்கல்லில் குனிந்து ஆட்டிய பெண்களின் தோளையும் இடுப்பையும் அந்த இயந்திரம் காப்பாற்றியது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது வீட்டுக்குள் வந்த வழியைக் கவனியுங்கள். அச்சைக் கடைந்தவர், கல்லைக் கொத்தியவர், மோட்டாரைப் பொருத்தியவர், கடையில் விற்றவர் என்று வரிசையாக ஆண்கள். சுவிட்சைப் போடுகிற இடத்தில்தான் பெண் வருகிறாள். பம்ப்செட் தொழிற்சாலைகளில் பெண்கள் இல்லையா என்றால் இருக்கிறார்கள், காயில் சுற்றும் பிரிவில். பொம்பளைங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி, விரல் மெல்லிசு என்பார்கள். அந்தப் பொறுமையும் மெல்லிய விரலும் லேத்துக்கு ஏன் ஆகாது என்று நான் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில் ஒன்றே: “சேலை சிக்கிக்கும்மா, முடி சிக்கிக்கும்.”

சிக்கும் என்பது உண்மை. சுழலும் இயந்திரத்தில் முந்தானையோ துப்பட்டாவோ பின்னலோ மாட்டினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் ஆபத்தை ஒரு சமூகம் எப்படிக் கையாள்கிறது என்பது அறம் சார்ந்த கேள்வி. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு என்று ஒன்று 2025 வரை இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெய் போடவோ வேண்டியிருந்தால் அதற்கெனப் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளிதான் செய்ய வேண்டும், அவர் உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும், அந்த உடையை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்றது அது. அடுத்த உட்பிரிவு பெண்களையும் இளவயதினரையும் ஒரே மூச்சில் சேர்த்து, ஓடும் இயந்திரப் பாகங்களைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ சரிசெய்யவோ அவர்களை அனுமதிக்கக் கூடாது என்றது. லேத்தை ஓட்டவே கூடாதென்று அதில் இருக்கவில்லை. ஆனால் அந்த மனநிலையைப் பட்டறைகள் நன்றாகப் புரிந்துகொண்டன. ஆடை ஆணுக்கும் ஆபத்துதான். அதனால் அவருக்கு வேறு ஆடை கொடுத்தார்கள். பெண்ணுக்கு வாசலைக் காட்டினார்கள். ஒரு மேல்சட்டையின் விலை என்ன இருந்துவிடப் போகிறது!

நான் முதலில் மரக்கடைசலைப் பற்றி வாசித்தது பிழைப்பாக அல்ல, கூடிச் செய்யும் விருப்பவேலையாக. அமெரிக்காவில் 1986-இல் மரக்கடைசல்காரர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் அதன் அலுவலகம். ஊர் ஊராக நூற்றுக்கணக்கான கிளைக் கழகங்கள். மாதம் ஒருமுறை கூடுவார்கள். அனுபவசாலி ஒருவர் எல்லோர் முன்னாலும் ஒரு கிண்ணத்தையோ பெட்டியையோ கடைந்து காட்டுவார். யார் வீட்டிலாவது மரம் விழுந்திருந்தால் துண்டுபோட்டுக் கொண்டுவருவார்கள். அதைக் குலுக்கல் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். பல கழகங்கள் கடும் நோயிலிருக்கும் குழந்தைகளுக்காக மூடிபோட்ட மரப்பெட்டிகள் செய்து தருகின்றன. உறுப்பினர்களில் ஆண்களே மிகுதி. அதனால்தான் அந்தச் சங்கத்துக்குள் பெண்களுக்கென்று தனியாக ஒரு குழு வேண்டியிருந்தது.

இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திவைத்தது அவர்களுடைய மேசை. கூட்டத்துக்கு வரும்போது அந்த மாதம் கடைந்ததைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறார்கள். நன்றாக வந்ததும் இருக்கும், வெடித்ததும் இருக்கும். பச்சை மரத்தில் கடைந்தால் காயக் காயக் கோணும், விளிம்பிலிருந்து வெடிக்கும். உளியின் சாய்முகம் மரத்தில் படிவதற்கு முன்பு அதன் நுனி பட்டுவிட்டால் ‘வெடுக்’கென்று பிடுங்கிக் கிண்ணத்தில் பள்ளம் விழும். மெலிதாக்கும் ஆசையில் அடியே ஓட்டையாகிவிடுவதும் உண்டு. அதையெல்லாம் மேசையில் வைத்து, ஏன் இப்படி ஆனது என்று கேட்கிறார்கள். சுற்றி நிற்பவர்கள் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள், ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். வெடித்த கிண்ணத்தைப் பற்றிப் பேசும்போது பேச்சு கிண்ணத்தைப் பற்றியே இருக்கிறது.

இதை நம் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரசம் புளித்துவிட்டால் அந்தப் பேச்சு ரசத்தோடு நிற்குமா? அவள் கவனம், அவள் வளர்ப்பு, அவள் அம்மா, அவளுக்கு வீட்டின்மேல் இருக்கிற அக்கறை என்று சுற்றி வரும். புதுமணப்பெண்ணின் முதல் சமையல் ஒரு தேர்வு. பெரும்பாலும் அந்தத் தேர்வு முடிவதே இல்லை. கெடுத்துக் கற்றுக்கொள்வதற்கென்று ஒரு இடம் நமக்கு ஒதுக்கப்பட்டதில்லை. கெட்டால் வீட்டுக்குத் தெரியாமல் கொட்டிவிட வேண்டும், அல்லது அதைத் தான் மட்டும் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். தோழமை என்பதற்கு நிறைய விளக்கங்கள் படித்திருக்கிறேன். இப்போது எனக்குப் பயன்படுவது இது ஒன்றுதான்: என் கெட்டுப்போன பொருளை இன்னொருவர் கையில் கொடுக்க முடிகிற உறவு.

பொருளை வீணடிப்பது பணக்காரர்களின் ஆடம்பரம் இல்லையா என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. மரத்தை வாங்கி வீணாக்கினால் அப்படித்தான். ஆனால் கோவைத் தெருக்களில் மின்கம்பிக்காக வெட்டிப் போடுகிற வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சிக் கிளைகள் அடுப்புக்குத்தான் போகின்றன. அடுப்புக்குப் போகிற கட்டை வழியில் ஒரு வாரம் பட்டறையில் தங்கிவிட்டுப் போனால் யாருக்கு நட்டம்? விலையுள்ளது கட்டை அல்ல, நேரம். பெண்ணின் நேரம் வீணாகிறது என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கும் பயம்.

நேரத்தைப் பற்றிச் சொல்லவே எங்கள் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மரக்கடைசல் பட்டறையில் ஆறு பெண்கள் வாரம் ஒருநாள் கூடுகிறோம். தையல் வேலை செய்கிறவர், ஓய்வுபெற்ற செவிலியர், கணித ஆசிரியை, மெஸ் நடத்துகிறவர், ஆராய்ச்சி மாணவி, நான். கழகம் என்று பெயரெல்லாம் வைக்கவில்லை. முதலில் ஞாயிறு என்று யோசித்தோம். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற நாள், வீட்டில் எல்லோரும் இருக்கிற நாள், வாரத்திலேயே அடுப்பு அதிகம் எரிகிற நாள் என்று மெஸ் நடத்துகிறவர் சொன்னார். ஆகவே சனிக்கிழமை மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை. ஊரெல்லாம் ஓய்வுநாள் என்று சொல்கிற நாளில் நமக்கு ஓய்வில்லை என்பதை ஆறு பேரும் ஒரு நிமிடத்தில் ஒப்புக்கொண்டோம்.

வீடுகளில் கேட்ட கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். கத்துக்கிட்டு என்ன பண்ணப் போறே? விக்கப் போறியா? தையல் வகுப்புக்கோ அழகுக்கலைப் பயிற்சிக்கோ போனால் இந்தக் கேள்வி எழுவதில்லை. அதற்குப் பதில் தயாராக இருக்கிறது. சுய உதவிக் குழு என்றால் கடன் கிடைக்கும், கோயில் பஜனை என்றால் புண்ணியம். பெண்கள் கூடுவதை நம் ஊர் தடுப்பதில்லை, காரணம் கேட்கிறது. சில சமயம் விலையும் கேட்கிறது. வள்ளி கும்மியைப் பாருங்கள். ஆண்களே ஆடிவந்த அந்தக் கலையைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து வழக்கத்தை உடைத்தவர் கோவை மாவட்டத்து பத்ரப்பன்; 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் திடலை நிறைத்து ஆடும்போது உடம்பு சிலிர்க்கிறது. அதே கும்மி மேடைகளில் சிலவற்றில், சொந்தச் சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்வோம் என்று அந்தப் பெண்களிடம் உறுதிமொழி வாங்கியதும் செய்தியாக வந்தது. வட்டத்துக்குள் இடம் கொடுத்துவிட்டு, வட்டத்தை விட்டுத் தாண்டாதே என்று சொல்வது அது. ஆட்டத்தின் தவறு இல்லை, ஆட்டத்தை நடத்தியவர்களின் கணக்கு. பயனில்லாமல், காரணம் சொல்லாமல், யாருக்கும் உறுதி கொடுக்காமல் பெண்கள் கூடுவது ஏன் இத்தனை கடினம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்கு வேண்டியதில்லை.

பட்டறை உரிமையாளர் பரம்பரை ஆசாரி. அப்பா காலத்தில் கட்டில் காலும் ஊஞ்சல் கம்பமும் தொட்டில் கட்டையும் இடைவிடாமல் கடைந்த குடும்பம். பிறகு இரும்புக் கட்டில் வந்தது, பிளாஸ்டிக் வந்தது. மகன் சி.என்.சி. மெஷின் இருக்கிற கம்பெனிக்குப் போய்விட்டான். மகள்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. வேறு வீட்டுக்குப் போகிறவர்களாம். முதல் நாள் அவர் எங்களைப் பார்த்து, “இதையப் போயி ஆசைக்குச் செய்யறீங்களா?” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வியந்தார். பிறப்பால் தலையில் ஏற்றப்பட்ட தொழில் ஒருவருக்கு. சனிக்கிழமை மூன்று மணிநேரம் பணம் கட்டிச் செய்கிற மகிழ்ச்சி இன்னொருவருக்கு. எங்கள் ஆறு பேரில் ஒருவரும் அந்தத் தொழிற்சாதியில் பிறந்தவரில்லை. அவருடைய மகளுக்கு மறுக்கப்பட்ட இயந்திரத்தின் முன்னால்தான் நாங்கள் நிற்கிறோம்.

அவருடைய மனைவியை அக்கா என்று கூப்பிடுகிறோம். கடைந்து முடித்த பொருட்களுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெழுகு ஏற்றுவது அவர் வேலை. முரட்டுத் தாளில் தொடங்கி நைஸ் தாள் வரை படிப்படியாகப் போவார். முப்பது வருடமாகச் செய்கிறார். எங்களுக்கு டீ போடுவதும் அவர்தான். ஒருநாள் நான் வேப்பங்கட்டையில் உளி வைத்திருந்தபோது, பின்கட்டு அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: “அம்மிணி, உளி மழுங்கிப் போச்சு, தீட்டிக்க!” பார்க்காமலே சொன்னார். சத்தத்தை வைத்துச் சொன்னார். கூரான உளி மரத்தில் படும்போது ஒரு சீரான சீறல் இருக்கும், சீவல் நாடாவாகச் சுருண்டு வரும். மழுங்கினால் கரகரக்கும், தூளாகக் கொட்டும். ஆசாரி சிரித்துக்கொண்டே உளியை வாங்கித் தீட்டக் கல்லுக்குப் போனார். அவள் சொன்னது சரி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நீங்களும் எங்களோடு மெஷினில் நில்லுங்கள் என்று சொன்னோம். “எனக்கெதுக்குங்க அதெல்லாம்? நா தேச்சுக் குடுத்தாப் பத்தாதுங்களா?” என்றார்.

இங்கேதான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. கர்நாடகத்தின் சன்னபட்ணத்தைப் பற்றிச் சொன்னேன். அரக்குப் பொம்மைகளுக்குப் பெயர்போன ஊர். அங்கே அரசு அமைத்த கைவினை வளாகத்தில் 32 கடைசல் இயந்திரங்கள் இருக்கின்றன. மின்லேத்தில் நின்று கடைந்து, அந்தச் சூட்டிலேயே அரக்கு ஏற்றுகிற பெண்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். பெண் கடைசல் இயந்திரத்தில் நிற்கலாமா என்ற கேள்வியே அங்கே செத்துப்போய்விட்டது. ஆனால் அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. வெடித்த பொம்மையை மேசையில் வைத்து ஏன் இப்படி ஆனது என்று பேச நேரம் இருக்குமா? செயின்ட் பாலின் மேசையும் சன்னபட்ணத்தின் கூலியும் ஒரே இடத்தில் கிடைக்கிற ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று கணித ஆசிரியை கேட்டார்.

அக்காவைக் கட்டணமில்லாத ஏழாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வோம் என்று ஆராய்ச்சி மாணவி சொன்னாள். தையல் வேலை செய்கிறவர் உடனே மறுத்தார். “மூணு மணி நேரம் எங்ககூட நின்னா அந்த மூணு மணி நேரத்துல தேய்க்கிற வேலை யாரு செய்வா? ராத்திரி அவங்கதான் உக்காந்து தேய்ப்பாங்க. சும்மா வந்து சேருங்கங்கறது நமக்குத்தான் நல்லா இருக்கு.” பீஸ் கணக்கில் தைத்து வாழ்கிறவருக்கு இது சட்டென்று தெரிந்தது. நாம் தோழமை என்று சொல்வதை அடுத்தவர் தூக்கத்திலிருந்து எடுக்கக் கூடாது. அப்புறம் இன்னொன்றும் கேட்டார்: அக்கா தேய்ப்பதற்குக் கூலி எவ்வளவு? கூலியே இல்லை என்று தெரிந்தது. வீட்டு வேலையில் சேர்த்தியாம்.

நாங்கள் ஆளுக்கு மாதம் 500 ரூபாய் ஆசாரியிடம் கொடுத்துவந்தோம். இப்போது அதை இரண்டாகப் பிரிப்பது என்று முடிவானது. இயந்திரத்துக்கும் சொல்லிக்கொடுப்பதற்கும் 300, தேய்த்து மெழுகு ஏற்றச் சொல்லிக்கொடுப்பதற்கு 200. ஏனென்றால் நாங்கள் கடைந்ததைப் பார்க்கத்தக்கதாக ஆக்குவது அந்தப் பாடம்தான். அதைச் சொல்லித்தந்தது அவர். ஆசாரியிடம் சொன்னபோது, “எப்படிக் குடுத்தாலும் ஒரே வீட்டுக்குத்தானுங்களே வருது” என்றார். கோபமில்லை, ஆனால் இதில் என்ன வித்தியாசம் என்று அவருக்குப் புரியவில்லை. அக்கா டீ தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: “இல்லீங்க அம்மிணி, என்ற கையிலயே குடுங்க.”

அந்தப் பணத்தை என்ன செய்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை, அது எங்களுக்குத் தேவையில்லாதது. மெஷினில் நிற்க இன்னும் சம்மதிக்கவில்லை. மேசைக்கு மட்டும் வருகிறார். நாங்கள் கெடுத்துவைத்த கிண்ணங்களைத் திருப்பிப் பார்த்து, இது மரத்தின் குற்றம், இது கையின் குற்றம் என்று பிரித்துச் சொல்கிறார். உளி தீட்டுகிற வேலையையும் எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டார். நாங்கள் தீட்டினால் சத்தம் சரியாக வருவதில்லையாம்.